ஆறு கோடிப் பேர் பார்த்த நீச்சல்

பனிக்கரடிகள் கடலில் எவ்வளவு தூரம் நீந்தும், உடல் சூட்டை எப்படிக் காத்துக்கொள்ளும் என்று பெனிட்டா வருடக்கணக்கில் ஆராய்ந்து எழுதிய கட்டுரையை மிஞ்சிப்போனால் நாற்பது பேர் படித்திருப்பார்கள். அதிலும் பாதிப் பேர் அவளோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். அவர்களும் தங்கள் பெயர் எங்காவது வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவைத்திருப்பார்கள். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. குமரி மாவட்டத்துச் சின்னத்துறையில் பிறந்து, நார்வேயின் வடகோடியில் டிராம்சோ ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்த பெண்ணுக்குச் சம்பளமும் கம்பளிக் கோட்டும் கரடிகளும் போதுமானதாக இருந்தன.

பிறகு ஒரு தாய்க்கரடி குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தியது. அதன் கழுத்துப்பட்டைக் கேமரா பன்னிரண்டு விநாடிப் படம் ஒன்றை அனுப்பியது. சாம்பல் நிறத் தண்ணீர், தாயின் மூச்சு, குட்டியின் ஒரு காது, அவ்வளவுதான். யாரோ அதை இணையத்தில் போட்டார்கள். மூன்று நாளில் கரடிக்கு மார்த்தா என்று பெயர் வைத்தார்கள். நான்காம் நாள் மார்த்தாவுக்காகப் பள்ளிக்கூடங்களில் பிரார்த்தனை நடந்தது. ஆறு கோடிப் பேர் சோறு தின்னும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள் நீந்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பனி உருகுவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. கரை சேருவாளா என்று மட்டும் கேட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து ஷைனி கூப்பிட்டாள். பெனிட்டாவின் தம்பி, விசைப்படகில் மீன்பிடிக்கப் போகும் ஜோபினின் மனைவி.

“அக்கா, போட்டு வரல்ல.”

பருவம் தப்பிய ஒரு புயல் அரபிக்கடலைக் கலக்கிவிட்டுப் போன செய்தியை பெனிட்டா பார்த்திருந்தாள். ஜோபின் கரையில் இருப்பான் என்று நினைத்திருந்தாள்.

“கூடப் போன போட்டுகாரங்க எல்லாம் திரும்பி வந்தாச்சு. இவியளுக்க போட்ட மட்டும் காணல்ல. பதினோரு பேரு அக்கா. வயர்லெஸ்ஸுல ஒரு சத்தமும் இல்ல.”

“தேடப் போகல்லியா?”

“கப்பலு போயிருக்கு. கடலு பெருசு, மேல இருந்து ஒருத்தன் பாத்துச் சொல்லாம எங்க தேடன்னு கேக்காங்க. சாட்டிலைட்டுக்கு எழுதிப் போட்டு வரிசையில நிக்கோம். முன்னால ஏதோ கரடி போகுதாம். அது முடிஞ்சாத்தான் நமக்கு உண்டும்னு சொல்லுதாவ. அது உங்களுக்க கரடியா அக்கா?”

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி பெனிட்டா போனை வைத்துவிட்டாள்.

ஆய்வுக்கூடத்தில் செயற்கைக்கோள் இணைப்புகளைக் கவனித்துக்கொள்பவன் கேதீஸ்வரன். பருத்தித்துறையிலிருந்து வந்த பெற்றோருக்கு டிராம்சோவிலேயே பிறந்தவன். அவனிடம் ஓடினாள்.

“கேதீஸ், மேல எத்தனையோ கண்ணு சுத்துதே. ஒண்ணு கூடவா காலி இல்ல?”

“கண் எக்கச்சக்கம் இருக்கு அக்கா. கடலிலை மிதக்கிற ஆளைப் பிரிச்சுக் காட்டுற வெப்பக் கண் கொஞ்சம்தான். அது எல்லாம் இப்ப மார்த்தாவிலை நிக்குது.”

“மனுச உயிருக்குன்னு தனி வழி கிடையாதா?”

“முந்தி இருந்தது. அரசாங்கங்கள் தங்கடை கண்ணுகளைக் கொம்பனிக்கு வித்ததோடை அதுவும் போச்சு. சனம் எங்கை பாக்குதோ அங்கைதான் கண் திரும்பும், அதுதான் ஒப்பந்தம். ஆபத்திலை இருக்கிற மனிசரைச் சனம் பாக்காமலா விடும் எண்டு அப்ப எல்லாரும் சொன்னவை.” அவன் திரையில் எதையோ தட்டினான். “உங்கடை தம்பியின்ரை படகையும் ஆரோ போட்டிருக்கினம். முன்னூறு பேர் பாக்கினம். முழுப் பேரும் உங்கடை ஊர்தான்.”

பெனிட்டா அந்த எண்ணைப் பார்த்தாள். சின்னத்துறை தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அதைவிட அதிகம் பேர் வருவார்கள்.

அடுத்து அவள் செய்ததை அவளுடைய ஆசிரியர்கள் யாரும் மன்னிக்கப்போவதில்லை. கழுத்துப்பட்டையிலிருந்து பொதுமக்களுக்குப் போகும் ஒளிபரப்பை அணைத்தாள். பிறகு நான்கு வரி எழுதி வெளியிட்டாள். மார்த்தாவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது, குட்டியின் சத்தமும் இல்லை, ஆய்வுக்கூடம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறது. மார்த்தாவோ அப்போது பனியை நோக்கி ஒழுங்காக நீந்திக்கொண்டிருந்தாள். அவளுடைய துடிப்பு கேதீஸின் திரையில் மட்டும் தெரிந்தது.

“செத்ததை ஆரும் பாக்கமாட்டினம் எண்டு நினைக்கிறியள்,” என்றான் கேதீஸ்.

“எதுக்குப் பாக்கணும்? முடிஞ்சுபோச்சே.”

முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆறு கோடி ஒன்பது கோடியாயிற்று. மார்த்தா மறைந்த தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். மெழுகுவர்த்தி ஏற்றி அதன் பக்கத்தில் போனை நிறுத்தி வைத்தார்கள். உடலைக் கண்டால்தான் நம்புவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. வெப்பக் கண்கள் அத்தனையும் காலித் தண்ணீரின் மேல் அசையாமல் நின்றன.

இது பெனிட்டா மட்டும் செய்யக்கூடாத தவறு. உடல் வராத சாவு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா? சிறுவயதில் ஒரு புயலில் அவளுடைய தெருவிலிருந்தே நான்கு பேர் போனார்கள். பாதிரியார் ஆத்மசாந்திப் பூசைக்குத் தேதி கேட்டு வந்தபோது, அந்த நான்கு பேரில் ஒருவரின் மனைவியான பிலோமி சித்தி அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் சித்தி கடற்கரையை விட்டு நகரவில்லை. கடலில் போனவரைப் போய்விட்டார் என்று யாரும் விடுவதில்லை. அதைப் பார்த்து வளர்ந்தவள், ஊர் உலகம் மட்டும் நான்கு வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்விடும் என்று எப்படி நினைத்தாள்? தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

அப்போது, செயற்கைக்கோள் கண்களை வாங்கி நடத்தும் கம்பெனியின் மோர்ட்டன் திரையில் வந்தான். இழவு வீட்டுக்கு வந்த மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசினாலும் கண்கள் சிரித்தன.

“டாக்டர், மக்கள் அவளைத் தேட விரும்புகிறார்கள். ஆளுக்கொரு சதுரம் தண்ணீர் கொடுக்கப்போகிறோம். வெப்பப் படத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் அவர்கள் தொட்டுக் காட்டுவார்கள். எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று நீங்கள் எல்லை போட்டுக் கொடுத்தால் போதும்.”

“இடம் எது என்று அவர்களுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது, இடத்தை எந்தத் திரையிலும் காட்டக் கூடாது என்று சண்டை போட்டு விதி வாங்கியதே நீங்கள்தானே. எங்களிடமும் அது பூட்டியே வரும். இயந்திரம் மட்டும்தான் படிக்கும்.”

இணைப்பு துண்டானதும் பெனிட்டா கேதீஸைப் பார்த்தாள். அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வெப்பப் படத்திலை கடல் எல்லாம் கறுப்புத்தான் அக்கா,” என்றான் மெதுவாக. “பனி இல்லாட்டி எந்தக் கடல் எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.”

அவள் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். படகு கடைசியாகப் பேசிய இடத்தை இந்தியக் கடல் மீட்பு மையத்திலிருந்து வாங்கினாள். உடைந்த பனிப்பாளங்கள் எங்கே ஒதுங்கும் என்று கணக்குப் போட வைத்திருந்த அதே முறையில், அரபிக்கடலின் காற்றையும் நீரோட்டத்தையும் போட்டாள். இரண்டு முறை தப்பாகப் போட்டு அழித்தாள். எல்லையை அனுப்பியதும் மேலே அத்தனை கண்களும் வடதுருவத்தை விட்டுவிட்டுத் தெற்கே திரும்பின.

ஷைனியைக் கூப்பிட்டாள். “ஊருல எல்லாரையும் அந்தக் கரடியப் பாக்கச் சொல்லு. ஒருத்தரும் ஃபோன அணைக்கக் கூடாது.”

“கரடியவா? இங்க ஆளக் காணல்ல, கரடியப் பாக்கச் சொல்லுதீங்க.”

“ஏன்னு கேக்காத ஷைனி. என்னைய நம்பு.”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரில் ஒரே ஒருவர் ஆத்திரத்தில் அதை எழுதிவிட்டாலும் எல்லாம் பாழ். ஷைனி சரி என்றாள். நம்பிச் சொன்னாளா, சலித்துச் சொன்னாளா என்று குரலில் தெரியவில்லை.

ஒன்பது கோடிப் பேர் தண்ணீரைச் சல்லடை போட்டார்கள். தச்சு வேலை செய்பவர்கள், தூக்கம் வராத கிழவர்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய பிள்ளைகள் என்று எல்லோரும் தங்கள் சதுரத்தைக் குனிந்து பார்த்தார்கள். திமிங்கிலங்களைத் தொட்டார்கள், எண்ணெய்க் கப்பல்களைத் தொட்டார்கள். கடைசியில் தென்னமெரிக்காவிலிருந்து ஒரு பெண் தொட்ட சதுரத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. ஒன்று பெரிது, அதை ஒட்டிச் சின்னதாக இன்னொன்று.

உலகமே கத்தியது. மார்த்தா உயிரோடு இருக்கிறாள்! குட்டியும் இருக்கிறது!

கேதீஸ் மீட்பு மையத்துக்கு இடத்தைச் சொன்னான். பேசி முடித்து வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “கப்பல் வர விடியப்போகுது. அதுவரைக்கும் கண்ணை எடுக்க வேண்டாமாம். நீரோட்டம் இழுக்குதாம், ஒருக்கால் தவறவிட்டால் திருப்பிப் பிடிக்கேலாதாம்.”

விடியும் வரை உலகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது கரடி என்று நம்பிக்கொண்டு பார்க்க வேண்டும்.

மோர்ட்டன் அவளை நேரலையில் பேசச் சொன்னான். பெனிட்டா பேசினாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு பேசியதில்லை. அந்தப் பெரிய வெள்ளைப் புள்ளிதான் ஜோபின் என்று மனதுக்குள் முடிவுகட்டிவிட்டாள். அகன்ற தோள் அவனுக்கு, சின்ன வயதில் அவளையே தூக்கிக்கொண்டு ஓடுவான். “அவளுக்கு இப்போது தோள் வலிக்கும்,” என்றாள். “தாகமாக இருக்கும். சுற்றிலும் தண்ணீர், குடிக்க முடியாது. ஆனால் அவள் பிடிவாதக்காரி. வீட்டில் எல்லோரையும் படுத்தி எடுப்பாள்.” கரடிக்கு வீடு ஏது என்று யாரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்கள்.

இடையில் கேதீஸ் ஒரு துண்டுத் தாளை நீட்டினான். உண்மையான கரடி குட்டியோடு பனியில் ஏறிவிட்டது என்று எழுதியிருந்தான். இத்தனை வருட ஆராய்ச்சியில் அவ்வளவு தூரம் நீந்திய தாயும் குட்டியும் சேர்ந்து பிழைத்ததை அவள் பார்த்ததில்லை. இப்போது அதைப் படித்தபோது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. தாளைக் கசக்கிப் போட்டாள்.

பிறகு கனடாவிலிருந்து ஓர் ஆராய்ச்சியாளர் எழுதினார். அந்த நாற்பது வாசகர்களில் ஒருவர். பனிக்கரடியின் அடர்ந்த ரோமம் உடல் வெப்பத்தை வெளியே விடாது, வெப்பப் படத்தில் அது இப்படிப் பளிச்சென்று தெரியாது, இதை டாக்டர் பெனிட்டாவே தன் கட்டுரையில் நிரூபித்திருக்கிறார், இவை மனித உடல்கள் என்றார்.

மனிதர்களா என்றது உலகம். அப்படியென்றால் எங்கள் கரடி எங்கே? ஒன்பது கோடி எட்டானது, ஏழானது, விறுவிறுவென்று நான்குக்கு வந்தது. மேலே ஒரு கண் ஏதோ நடிகையின் திருமணத்துக்குத் திரும்பியது. இன்னொன்றும் திரும்பத் தொடங்கியது.

மோர்ட்டன் காதுக்குள் அலறினான். பெனிட்டா கேமராவை நேராகப் பார்த்தாள்.

“நண்பர் படித்த அந்தக் கட்டுரை தவறு,” என்றாள். “நான்தான் எழுதினேன், நானே சொல்கிறேன். அளவுகளைச் சரியாக எடுக்கவில்லை. எனக்கு வேண்டிய முடிவு வருவதற்காக எண்களைத் திருத்தினேன். இது கரடிதான்.”

கேதீஸ் தலையைக் கையால் பிடித்துக்கொண்டான். அந்தக் கட்டுரையில் ஓர் எண்கூடத் திருத்தியதல்ல. அதற்காக அவள் எத்தனை குளிர்காலம் பனியில் படுத்துக் கிடந்தாள் என்று அவனுக்குத் தெரியும். இனி எந்த ஆய்வுக்கூடமும் அவளை வாசலில்கூடச் சேர்க்காது. ஆனால் மோசடி செய்த விஞ்ஞானி அழுதுகொண்டே ஒப்புக்கொள்வதைப் பார்க்க ஜனம் திபுதிபுவென்று திரும்பி வந்தது. கண்கள் மறுபடி கீழே பார்த்தன.

கப்பல் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் சின்னப் புள்ளி பெரியதை விட்டு விலகியது. முதலில் ஒரு விரலளவு, பிறகு இரண்டு விரலளவு. பெரிய புள்ளியிலிருந்து ஏதோ நீண்டது. எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது என்று தெரிந்தது. பிடிக்க முடியவில்லை. சின்னது மெல்ல மங்கி, தண்ணீரின் கறுப்போடு கலந்துபோனது.

குட்டி, குட்டி என்று எல்லா மொழியிலும் எழுதினார்கள். ஜோபினோடு போன யாரோ ஒரு பையன், யார் வீட்டுப் பிள்ளையோ என்று பெனிட்டா நினைத்தாள். ஆனால் இப்போது அழுதால் மனிதருக்கு அழுவதாகத் தெரிந்துவிடும். விஞ்ஞானியின் குரலில்தான் பேச வேண்டும்.

“இது நடப்பதுதான்,” என்றாள். “நீண்ட நீச்சலில் பெரும்பாலான குட்டிகள் தங்குவதில்லை. தாய் திரும்பிப் போய்த் தேடக் கூடாது. தேடினால் அவளும் போய்விடுவாள். குட்டியை விட்டுவிட்டு அவள் பிழைத்துக்கொள்வதுதான் நல்லது. நாமும் அதைத்தான் வேண்டிக்கொள்ள வேண்டும்.”

அவள் அதை முழு மனதோடு வேண்டிக்கொண்டாள். விட்டுவிடு ஜோபின், திரும்பாதே, அப்படியே கிட என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். பெரிய புள்ளி திரும்பவில்லை. படத்தின் ஓரத்தில் கப்பலின் மூக்கு தெரியும் முன்பே கேதீஸ் ஒளிபரப்பை வெட்டினான். கண்ணில் கோளாறு என்று ஒரு வரி போட்டான். உலகம் திட்டித் தீர்த்தது.

மீட்பு மையத்து அதிகாரி திருவனந்தபுரத்துப் பக்கத்து ஆள், தமிழ் பேசுவார். அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார்.

“மேடம், நீங்க சொன்ன இடத்துலேயே கிடைச்சாங்க. ரெண்டு பேருக்கும் உயிர் இருக்கு.”

“ரெண்டு பேரா?”

“மீன் அறையோட தெர்மோகோல் மூடி மேல ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கட்டிப் பிடிச்சுக் கிடந்தாங்க.”

பெனிட்டா நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். ஒரே புள்ளியில் இரண்டு பேர்.

“பேரு?”

“ததேயு, ஸ்டெல்லஸ். மூணாவதா ஒருத்தர் கூட இருந்திருக்கார் மேடம். மூடி மூணு பேரத் தாங்கலன்னு அவர் தண்ணிக்குள்ளேயே தொங்கிட்டு வந்திருக்கார். தலையும் ஒரு கையும் மட்டும் வெளிய. கப்பல் வர்றதுக்குக் கொஞ்சம் முந்திதான் கை நழுவிருக்கு. அவர் பேரு ஜோபின்னு சொல்றாங்க. உங்களுக்குச் சொந்தமா மேடம்?”

கேதீஸ் அவள் கையிலிருந்து போனை வாங்கி மற்ற விவரங்களைக் கேட்டான். மீதிப் பேருக்குக் கண் வேண்டும் என்று அதிகாரி சொல்வதும், இனிக் கண் இல்லை என்று கேதீஸ் சொல்வதும் எங்கோ கேட்டது. அவள் காதில் அவளுடைய குரலேதான் ஒலித்துக்கொண்டிருந்தது. குட்டியை விட்டுவிட்டு அவள் பிழைத்துக்கொள்வதுதான் நல்லது.

போன் மறுபடி அடித்தது. ஷைனி.

“அக்கா, ரெண்டு பேரு கிடைச்சாங்கன்னு கோயில்ல மணியடிக்காங்க! பேரு இன்னும் சொல்லல்ல. இவிய இருப்பாவ, எனக்குத் தெரியும்.” அவள் குரலில் பல நாளைக்குப் பிறகு உயிர் வந்திருந்தது. “நீங்க சொன்ன மாதிரியே ஊரு முழுக்கக் கரடியப் பாத்துக்கிட்டு இருந்தோம். ஒருத்தரும் ஃபோன அணைக்கல்ல. அந்தக் குட்டி போனப்பம் நான் அழுதுட்டேன் அக்கா. நீங்க தைரியமா பேசினதக் கேட்டப்பொறவுதான் மனசு நின்னுச்சு.”

“ஷைனி...”

“இங்க ஆன்ஸிமோள் தொல்ல தாங்க முடியல்ல. குட்டி எங்கம்மா போச்சு, எங்கம்மா போச்சுன்னு ஒரே அழுக. நீந்திக் கரைக்கு வந்திருக்கும், நம்ம அத்தைகிட்டயே கேட்டுச் சொல்லுதேன்னு சொன்னேன். இந்தா, பக்கத்துலதான் நிக்கா. நீங்களே சொல்லுங்க அக்கா.”

போனில் ஜோபினுடைய மகளின் சின்ன மூச்சு கேட்டது. கூடவே தேவாலயத்து மணி.

“ஷைனி,” என்றாள் பெனிட்டா. “ஆன்ஸிய வெளிய அனுப்பு. கதவச் சாத்திட்டு வந்து உக்காரு.”